எல்லை அறிந்த அரசு: மூதறிஞர் இராஜாஜியின் வாழ்க்கை

ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று குடில் அமைத்து, விண்மீன் விளக்கு ஏற்றி, கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறோம். 1972ஆம் ஆண்டு அதே நாளில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 94 வயது நிறைந்த முதியவர் ஒருவர் கண்மூடினார். நாடு முழுவதும் துக்கம் கொண்டாடப்பட்டது. அவர் இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர். இருமுறை நம் மாநிலத்தை ஆண்டவர். ஆயினும் அரசின் அதிகாரத்துக்கு வேலி வேண்டும் என்று தம் கடைசி நாள் வரை வாதாடியவர். அவர்தாம் மூதறிஞர் இராஜாஜி.

அவரைப் பற்றி நாங்கள் எழுத வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் இலக்கிய மன்றத்தில் ஒருநாள் சொற்போர் நடந்தது. மக்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே செய்து தரும் அரசே நல்ல அரசு என்று ஓர் அணி பேசியது. மக்களைத் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ள விடும் அரசே நல்ல அரசு என்று மறு அணி பேசியது. எங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. வடலூருக்கு அருகில்தான் நெய்வேலி இருக்கிறது. எங்களுள் பலருடைய தந்தையர் அங்கே சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை செய்கின்றனர். அரசு நிறுவனம் தந்த வேலையால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. வேறு சிலருடைய பாட்டனார், அதே சுரங்கத்துக்காகத் தம் நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊர் மாறி வந்தவர்கள். ஆகவே அன்று மேடை ஏறிய இரு அணியினரும் தத்தம் வீட்டுக் கதையைத்தான் பேசினர். நடுவராக இருந்த ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. இராஜாஜியின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வந்து நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கூறிவிட்டார்கள். படித்தோம். படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

இளமையும் தொழிலும்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அருகே உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. அங்கே 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் சக்கரவர்த்தி வேங்கடார்யருக்கும் சிங்காரம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் இராஜகோபாலன். தந்தை அவ்வூர் முன்சீப். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டப் படிப்பு, சென்னையில் சட்டப் படிப்பு என்று முடித்துக்கொண்டு, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே பெயரும் பொருளும் சேர்ந்தன. மனைவி அலமேலு மங்கம்மாள் இளம் வயதிலேயே மறைந்தார். ஐந்து குழந்தைகளின் தந்தையான இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917இல் சேலம் நகரசபைத் தலைவரானார். ஓர் ஊரின் தெருவிளக்கையும் குடிநீரையும் கவனிப்பதுதான் அவர் கற்ற முதல் ஆட்சிப் பாடம். தீண்டாமையை அந்நாளிலேயே எதிர்த்து நின்றார். அதனால் சொந்தச் சாதியாரின் பகையையும் தேடிக்கொண்டார். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக மனச்சாட்சியை மாற்றிக்கொள்ளாத பழக்கம் அவருக்கு அங்கேயே வந்துவிட்டது. பிற்காலத்தில் அதனால் அவர் பெற்ற புகழும் பெரிது. பட்ட பழியும் பெரிது.

சிறையில் எழுந்த கவலை

1919இல் ஆங்கில அரசு ரௌலட் சட்டத்தைக் கொண்டுவந்தது. விசாரணையின்றி எவரையும் சிறையில் அடைக்க அது வழி செய்தது. அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் இராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். நாடு முழுவதும் கடையடைத்து நோன்பிருந்து அச்சட்டத்தை எதிர்க்கலாம் என்ற எண்ணம் அங்கே தங்கியிருந்தபோதுதான் அடிகளுக்குத் தோன்றியது. இராஜாஜி வக்கீல் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குச் சென்று மூன்று மாதங்கள் இருந்தார்.

சிறையில் அவர் நாட்குறிப்பு எழுதினார். அதில் ஒரு பகுதி எங்களை வியக்க வைத்தது. விடுதலை இன்னும் 25 ஆண்டுகள் தொலைவில் இருக்கிறது. உடன் இருந்தவர்கள் எல்லாரும் சுயராஜ்யம் வந்தால் துன்பம் தீரும் என்று கனவு காண்கிறார்கள். இவரோ, சுயராஜ்யம் வந்த உடனே நல்லாட்சி வந்துவிடாது என்று எழுதுகிறார். தேர்தல்களும் அவற்றில் நுழையும் ஊழலும், பணத்தின் செருக்கும், நிர்வாகத்தின் திறமையின்மையும் மக்களை வாட்டும் என்று அஞ்சுகிறார். மக்கள் எல்லாருக்கும் கல்வி கிடைப்பது ஒன்றே நம்பிக்கை தருவது என்று முடிக்கிறார். வெள்ளையன் போனால் போதும் என்று எண்ணாமல், நம்மவர் கையிலும் அதிகாரம் கெடும் என்று 1922இலேயே கண்ட கண் அவருடையது.

உப்பும் சட்டமும்

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கதர் நூற்பு, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய பணிகள் அங்கே நடந்தன. மண் குடிசையில் வாழ்ந்துகொண்டு, அரசின் உதவி இல்லாமலேயே ஊரை உயர்த்த முயன்றார்.

1930இல் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தார். தமிழ்நாட்டில் அந்தப் பணி இராஜாஜிக்கு வந்தது. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நூறு தொண்டர்களுடன் வேதாரண்யம் நோக்கி நடந்தார். ஏறத்தாழ 150 மைல் தூரம். ஏழையின் கஞ்சிக்கலயத்தில் போடும் உப்புக்கும் அரசு வரி கேட்டது. கடல் தந்த உப்பை மக்கள் அள்ளினால் குற்றம் என்றது. அரசின் கை சமையற்கட்டு வரை நீண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன் என்பவர், தொண்டர்களுக்குச் சோறும் இடமும் தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று ஆணை போட்டார். ஆனால் விருந்தோம்பலைச் சட்டத்தால் தடுக்க முடியுமா? வழிநெடுகச் சோற்றுப் பொட்டலங்கள் மரக்கிளைகளில் தொங்கின. யார் கட்டியது என்று எவருக்கும் தெரியாது. வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை துணை நின்றார். ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்த இராஜாஜி கைது செய்யப்பட்டார். இந்தப் போரில் ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரும் சிறை சென்றார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைப்பட்ட முதல் பெண்மணி அவரே என்பது பெண்களாகிய நமக்குப் பெருமை.

ஆட்சியில் அமர்ந்தபோது

எதிர்த்து நிற்பவர் சுதந்தரம் பேசுவது எளிது. நாற்காலியில் அமர்ந்த பிறகும் பேசுகிறாரா என்பதே சோதனை. 1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அந்நாளில் அப்படித்தான் அழைத்தனர்.

நல்ல பல காரியங்கள் செய்தார். 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வட்டிச் சுமையைக் குறைத்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றனர். அவர்களை உள்ளே அழைத்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது இராஜாஜியின் அரசு.

ஆனால் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1938இல் அவருடைய அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழகம் கொதித்தது. மறியல் செய்தவர்கள்மீது ஆங்கிலேயர் கொண்டுவந்த கடுமையான குற்றவியல் திருத்தச் சட்டம் பாய்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். கைக்குழந்தையோடு சென்ற தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் சிறைப்பட்டார். 1939இல் சிறைப்பட்டிருந்த நடராசன், தாளமுத்து என்ற இளைஞர் இருவர் உயிர் நீத்தனர். இராஜாஜியின் அமைச்சரவை விலகிய பின்னர், 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. உப்புக்காகச் சிறை சென்றவர், மொழிக்காக மற்றவரைச் சிறைக்கு அனுப்பினார். பிற்காலத்தில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதை அவரே முன்னின்று எதிர்த்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தாம் கொண்ட கருத்து தவறு என்று தோன்றினால் மாற்றிக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் காலத்துக்கு ஏற்றதன்று என்று கூறித் தனித்து நின்றார், காங்கிரசிலிருந்தும் விலகினார். நண்பர்களே அவரை ஏசினர். ஆனால் விடுதலைக்குப் பின் நாடு அவரை மறக்கவில்லை. 1947இல் மேற்கு வங்க ஆளுநர். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் தலைமை ஆளுநர். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியரும் கடைசி மனிதரும் அவரே. சர்தார் பட்டேலின் மறைவுக்குப் பின் மத்திய உள்துறை அமைச்சராகவும் இருந்தார்.

பூட்டைத் திறந்த முதலமைச்சர்

1952 ஏப்ரலில், 73 வயதில், மீண்டும் சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். அப்போது உணவுக் கட்டுப்பாடு நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த ரேஷன் முறை அது. உழவர் தம் நெல்லை அரசு சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுபோகவும் அனுமதிச் சீட்டு வேண்டும். மகளுக்குச் சீமந்தம் என்று கொஞ்சம் அரிசி எடுத்துச் சென்ற தாயும் வழியில் மறித்துச் சோதிக்கப்படும் நிலை. கட்டுப்பாடு இருந்த இடத்தில் கள்ளச்சந்தையும் இருந்தது. உழைத்தவனுக்கு விலை இல்லை. உண்பவனுக்கு அரிசி இல்லை. இடையில் இருந்தவனுக்குக் கொண்டாட்டம்.

1952 ஜூன் மாதம் இராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். விலை விண்ணை முட்டும், பட்டினிச் சாவு வரும் என்று அஞ்சியவர் பலர். அவர் அசையவில்லை. நெல் மறைவிடங்களிலிருந்து வெளியே வந்தது, கடைக்கு வந்தது, மக்கள் அஞ்சியபடி எதுவும் நடக்கவில்லை. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். நாட்டின் மற்றப் பகுதிகளும் இந்த வழியைப் பின்பற்றின. அரசு ஒன்றைச் செய்வதனால் மட்டும் அன்று, செய்யாமல் விலகி நிற்பதனாலும் மக்களுக்கு நன்மை செய்யலாம் என்பதை அவர் கண்முன் காட்டினார். அவர் வாழ்வில் இதுவே மிகப் பெரிய ஆட்சிச் சாதனை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தில் நுழைந்த அரசு

அடுத்த ஆண்டே, அதே கையால், அவர் நேர்மாறான காரியம் ஒன்றைச் செய்தார். 1953இல் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டம் ஒன்றை அறிவித்தார். பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி. பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினர் காலையிலும் மறு பகுதியினர் மாலையிலும் படிக்க வேண்டும். மிச்ச நேரத்தில் பையன்கள் தந்தையின் தொழிலைப் பழக வேண்டும். பெண்கள் தாய்க்கு வீட்டு வேலையில் துணை செய்ய வேண்டும்.

பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத நாளில், அதிகச் செலவில்லாமல் அதிகப் பிள்ளைகளைப் படிக்கவைக்க எண்ணியே அவர் இதைச் செய்தார் என்று ஆதரிப்போர் கூறுவர். ஆனால் சட்டமன்றத்தைக் கலக்காமல் வந்த அறிவிப்பு இது. குயவர் மகன் குயவனாகவும் சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளியாகவுமே இருக்க வேண்டுமா என்று மக்கள் கேட்டனர். குலக்கல்வி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர், காங்கிரசாரும் எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இந்தப் பகுதியை வகுப்பில் படித்தபோது நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அத்திட்டம் நிலைத்திருந்தால் எங்கள் பாட்டிமார்களும் அம்மாக்களும் எத்தனை மணி நேரம் பள்ளியில் இருந்திருப்பார்கள்? அரிசி மூட்டை எங்கே போக வேண்டும் என்று அரசு சொல்லக் கூடாது என்றவர், ஒரு பிள்ளை எந்த வேலையைக் கற்க வேண்டும் என்று சொல்லத் துணிந்துவிட்டார். அறிவில் சிறந்தவர், கை சுத்தமானவர், எளிமையானவர். அவருக்கே இப்படி நேர்ந்தது என்றால், மற்றவர் கையில் வரம்பில்லாத அதிகாரம் இருந்தால் என்ன ஆகும்? இராஜாஜியின் கொள்கைக்கு இராஜாஜியின் பிழையே சிறந்த சான்று என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். அதை நாங்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

எண்பது வயதில் ஒரு புதுக் கட்சி

1954இல் டாக்டர் இராதாகிருஷ்ணன், சர். சி.வி. இராமன் ஆகியோருடன் முதன்முதலாகப் பாரத ரத்னா விருது பெற்றார். இனி ஓய்வெடுத்துக்கொண்டு இராமாயணமும் பாரதமும் எழுதலாம். எழுதவும் செய்தார். கல்கி வார இதழில் எளிய தமிழில் வந்த அவை வீடுதோறும் படிக்கப்பட்டன. சக்கரவர்த்தித் திருமகன் என்ற நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

ஆனால் நாட்டின் போக்கு அவரை ஓய்வெடுக்க விடவில்லை. 1951இல் வந்த ஒரு சட்டத்தின்படி, பெரிய தொழிற்சாலை தொடங்க அரசின் உரிமம் வேண்டும். விரிவாக்கவும் உரிமம் வேண்டும். வெளிநாட்டுப் பொருள் வாங்க அனுமதி வேண்டும். மூலப்பொருள் வாங்க ஒதுக்கீடு வேண்டும். திறமை உள்ளவன் பட்டறையில் நிற்பதை விட்டு அலுவலக வாசலில் நிற்க வேண்டியவன் ஆனான். இந்த நிலைக்கு இராஜாஜி பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்று பெயரிட்டார். அந்தப் பெயர் நாடெங்கும் நிலைத்துவிட்டது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, உழவர் நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவுப் பண்ணை அமைக்கத் தீர்மானித்தது. உழவனின் சொந்த நிலத்துக்கே ஆபத்து என்று இராஜாஜி கருதினார்.

அவ்வாண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. அப்போது இராஜாஜிக்கு வயது 80. என்.ஜி. ரங்கா தலைவரானார், மினு மசானி, கே.எம். முன்ஷி போன்றோர் சேர்ந்தனர். நேருவின் செல்வாக்கு உச்சியில் இருந்த காலம் அது. நெடுநாள் நண்பரை எதிர்த்துக் கட்சி நடத்துவது இராஜாஜிக்கு மகிழ்ச்சியான செயல் அன்று. ஆனால் வலுவான எதிர்க்கட்சி இல்லாத மக்களாட்சி பிரேக் இல்லாத வண்டி போன்றது என்பது அவர் எண்ணம்.

அரசே வேண்டாம் என்றவர் அல்லர் அவர். திருடனைப் பிடிக்கவும், வழக்கைத் தீர்க்கவும், எல்லையைக் காக்கவும், சாலையும் நீரும் தரவும், நலிந்தோரைத் தாங்கவும் அரசு வேண்டும். ஆனால் குடும்பம் தன் உழைப்பால் தேடியதைத் தன் விருப்பப்படி ஆளும் உரிமை அதற்கு இருக்க வேண்டும். செல்வம் உடையவர் அதைச் சமுதாயத்தின் பொருட்டுக் காக்கும் தருமகர்த்தாவாக நடக்க வேண்டும். அந்தக் கடமையை மனச்சாட்சி உணர்த்த வேண்டும், தடி உணர்த்தக் கூடாது. இதுவே அவர் கொள்கையின் சாரம். அடிப்படைக் கொள்கைகள் தவிர மற்றவற்றில் உறுப்பினர் தம் மனம்போல் பேசலாம், வாக்களிக்கலாம் என்றும் அக்கட்சி விதி வைத்தது.

1962இல் நாடாளுமன்றத்தில் 18 இடங்களும், 1967இல் 44 இடங்களும் சுதந்திராக் கட்சிக்குக் கிடைத்தன. 1967இல் அது மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக விளங்கியது. அதே ஆண்டு தமிழகத்தில், முன்பு தம்மைக் கடுமையாக எதிர்த்த அண்ணாவின் கட்சியோடு கைகோத்து ஆட்சி மாற்றத்துக்கு உதவினார். 1971 தேர்தலில் கட்சி சரிந்தது. அவர் மறைந்தபின் 1974இல் வேறு கட்சியோடு கலந்து மறைந்தது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

அமெரிக்க நாட்டின் வரலாற்றில் தாமஸ் ஜெபர்சன் என்ற பெரியாரைப் படிக்கிறோம். 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் அவர். அரசு பெருத்தால் மனிதன் சிறுப்பான் என்று அஞ்சியவர். நிலத்தில் உழைக்கும் உழவனே சுதந்தரத்தின் காவலன் என்று நம்பியவர். தம் கல்லறையில் விடுதலைப் பிரகடனம், சமயச் சுதந்தரச் சட்டம், தாம் நிறுவிய பல்கலைக்கழகம் ஆகிய மூன்றை மட்டும் பொறிக்கச் சொன்னார். நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவராக 8 ஆண்டுகள் இருந்ததைப் பொறிக்கச் சொல்லவில்லை.

அவரிடமும் முரண் இருந்தது. 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை வாங்கியபோது, அரசியல் சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்ற ஐயம் அவருக்கே இருந்தது; ஆயினும் வாங்கினார். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அவர், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக வைத்திருந்தார். இராஜாஜியையும் ஜெபர்சனையும் எல்லாவற்றிலும் ஒப்பிட முடியாது. ஆனால் இருவர் வாழ்க்கையும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. மனிதர் எவ்வளவு பெரியவராயினும் அவர் கையில் உள்ள அதிகாரத்துக்கு எல்லை வேண்டும். எல்லை அவருடைய நற்குணத்தில் இருந்தால் போதாது; சட்டத்தில் இருக்க வேண்டும்.

மதுவும் அணுகுண்டும்

சுதந்தரம் பேசிய இராஜாஜி மதுவிலக்கை மட்டும் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார் என்று சிலர் கேட்பர். குடிப்பதும் ஒருவன் விருப்பம்தானே? எங்களுக்குள்ளும் இது விவாதமாயிற்று. குடிப்பவன் ஒருவன்; அடிபடுபவள் மனைவி; பசித்திருப்பவை குழந்தைகள். அவர்களுடைய சுதந்தரத்தை யார் காப்பது? புதுப்பாளையத்துக் குடிசைகளில் அவர் கண்ட காட்சி இதுவே. 1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முனைந்தபோது, தொண்ணூற்றிரண்டு வயது முதியவர் கொட்டும் மழையில் முதலமைச்சர் கலைஞர் வீட்டுக்கே சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். கோரிக்கை நிறைவேறவில்லை.

அரசுகளின் அதிகாரத்துக்கு உலக அளவிலும் எல்லை வேண்டும் என்று கருதினார். 1962 செப்டம்பரில், 83 வயதில், கடல் கடந்து அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி வேண்டினார். மறு ஆண்டு வல்லரசுகள் வான்வெளிச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடியபோது, உலக அமைதிக்காக இராஜாஜி எழுதித் தந்த ஆங்கிலப் பாடலும் அங்கே ஒலித்தது.

நெய்வேலியும் வடலூரும்

இனி எங்கள் தீர்ப்புக்கு வருவோம். நெய்வேலி நிறுவனம் 1956இல் தொடங்கியது; 1957இல் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார்; 1962இல் மின்சாரம் பிறந்தது. நிலக்கரிக்குக் கீழே ஊற்றெடுக்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் அங்கே வெட்ட முடியும். அவ்வளவு பெரிய முதலை அந்நாளில் தனியார் போட்டிருப்பார்களா என்பது ஐயமே. அரசு முன்வந்ததால் காடும் மேடுமாக இருந்த இடம் நகரம் ஆயிற்று. முதல் அணியின் வாதம் உண்மையே.

ஆனால் ஊர்கள் பல நிலம் கொடுத்த பிறகே அந்நகரம் எழுந்தது. கொடுக்க மாட்டேன் என்று ஓர் உழவர் சொல்ல முடியுமா? விலையைப் பேசும் உரிமை அவருக்கு உண்டா? 1894இல் ஆங்கிலேயர் இயற்றிய நில எடுப்புச் சட்டம் 2013 வரை நம் நாட்டில் இருந்தது. அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக இருந்த சொத்துரிமை 1978இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2013இல் வந்த புதிய சட்டம்தான் கூடுதல் இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் வழி செய்தது. உழவன் நிலத்துக்காக 80 வயதில் கட்சி தொடங்கியவரின் கேள்வி நம் ஊரில் பழங்கதை ஆகவில்லை. மறு அணியின் வாதமும் உண்மையே.

இராஜாஜி கண்ட உரிம ஆட்சி 1991இல் பெரும்பாலும் நீக்கப்பட்டது. அவர் மறைந்த மூன்றாண்டுக்குள், 1975இல், நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்று அவர் எச்சரித்ததை நாடு அப்போது உணர்ந்தது.

அரசு செய்யாவிட்டால் ஏழைக்கு யார் செய்வார் என்று சொற்போரில் ஒரு தோழி கேட்டாள். பதில் எங்கள் ஊரிலேயே இருந்தது. 1867இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தைத் தாமே மனமுவந்து கொடுத்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. எந்த அரசாணையும் அதை மூட்டவில்லை. நிலத்தைக் கொடுப்பதில் மகிழ்ச்சியும் உண்டு, கண்ணீரும் உண்டு. தானே கொடுப்பதற்கும் கொடுக்கவைக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அடுப்பு எரிய அரசும் வேண்டும், அன்பும் வேண்டும். ஆனால் அரசு தன் எல்லை அறிந்திருக்க வேண்டும். நம் கடமையை நாமே செய்தால் அது எல்லையில் நிற்பது எளிதாகும். வகுப்புத் தலைவி கண்டித்தால்தான் அமைதி காப்போம் என்றால், அவளிடம் பிரம்பைக் கொடுப்பவர்கள் நாமே அல்லவா? அன்புச் சகோதரிகளே, அடுத்த டிசம்பர் 25 அன்று விண்மீன் விளக்கு ஏற்றும்போது, நாட்டுக்குத் தலைவராக இருந்தும் தலைவர்களுக்கு வேலி கேட்ட அந்த முதியவரையும் ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.